முதல் வகுப்பில் பட்டினி

1959ஆம் ஆண்டு ஆகஸ்டு 23, ஞாயிற்றுக்கிழமை. விடியும்போது தூறிக்கொண்டிருந்தது. குழாயில் தண்ணீர் வந்ததும் இரண்டு அண்டாக்களையும் நிரப்பினேன். அப்பா தேவராஜ மார்க்கெட்டுக்குப் போய்க் கறியும் சின்ன வெங்காயமும் வாங்கி வந்தார். அம்மா மசாலா அரைத்து மூடி வைத்தாள். தமிழ் ஆராதனைக்கு அப்பா, அம்மா, அக்கா, நான் நால்வரும் நடந்தே போனோம். போதகர் அன்று நீண்ட நேரம் பிரசங்கித்தார். அன்றைய நாட்குறிப்பில் இதுவரை நிதானமான கையெழுத்து. இதற்குப் பின் வருவதை நான் உட்கார்ந்து எழுதியதாகவே தெரியவில்லை. வரிகள் மேலும் கீழும் அலைகின்றன.

அக்கா அந்த வாரம் விடுமுறையில் மைசூருக்கு வந்திருந்தாள். மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவள், பத்திரிகை விளம்பரம் பார்த்து விண்ணப்பித்து விமானப் பணிப்பெண் ஆனவள். நர்ஸ் பயிற்சி பெற்ற பெண்களை விமானக் கம்பெனிகள் விரும்பி எடுத்துக்கொண்ட காலம் அது. பம்பாயில் தங்கி, வெளிநாடு போகும் விமானங்களில் வேலை செய்தாள். அந்த ஆண்டுதான் அவளை முதல் வகுப்புக்கு மாற்றியிருந்தார்கள். அங்கே என்னவெல்லாம் உண்டு என்று நாங்கள் கேட்டுக்கொண்டே இருப்போம். படுக்கை போலச் சாயும் நாற்காலி, காலுக்குத் துணிச் செருப்பு, சிறு குப்பியில் வாசனைத் தண்ணீர், இடுக்கியால் எடுத்துத் தரும் வெந்நீர்த் துவாலை, தள்ளுவண்டியில் முழுசாக வரும் வறுத்த கோழி. அம்மா ஒவ்வொன்றுக்கும், “அதுக்குத் தனியா காசு உண்டா?” என்று கேட்பாள். “எல்லாம் டிக்கெட்டுல சேர்த்திதான்மா” என்று அக்கா சலிக்காமல் சொல்வாள்.

அன்று ஆராதனை முடிந்து வாசலுக்கு வந்தபோது கரஸ்பாண்டென்ட் அய்யாவின் மனைவி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். அய்யா எங்கள் மிஷன் பள்ளியின் நிர்வாகி. அப்பா அந்தப் பள்ளியில் கணக்கு வாத்தியார்.

“என்னம்மா, உன் பெரிய மக எங்க வீட்டுக்காரரை ஆகாசத்துல பட்டினி போட்டுட்டாளாமே?”

சுற்றி நின்ற பெண்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். ஆனால் கையை விடவில்லை. அம்மா ஒன்றும் புரியாமல் தானும் சிரித்து வைத்தாள். அப்பா மட்டும் சிரிக்கவில்லை. தலைமையாசிரியர் ஓய்வு பெறப் போகிறார். அந்த இடத்துக்கு அப்பாதான் மூத்தவர். பள்ளிக் கமிட்டி அந்த வாரம் கூடவிருந்தது, கமிட்டி என்றால் அய்யாவின் ஒரு சொல். அப்பா வாழ்க்கையில் வெளிப்படையாக ஆசைப்பட்ட ஒரே பொருள் அந்த நாற்காலி.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் அப்பா கேட்டார். “அய்யா நீ போற விமானத்துல வந்தாரா?”

“வந்தாருப்பா.”

“எங்ககிட்ட சொல்லவே இல்லையே!”

“யாரு ஏறினாங்க, என்ன பண்ணாங்கன்னு வெளியே சொல்லக் கூடாதுப்பா. யாரா இருந்தாலும்.”

அய்யாவே மனைவியிடம் சொல்லி, அது கோயில் வாசல்வரை வந்துவிட்ட பிறகுதான் அக்கா வாய் திறந்தாள். வெளிநாட்டில் நடந்த ஒரு திருச்சபைக் கூட்டத்துக்கு அழைத்தவர்கள் அய்யாவுக்கு முதல் வகுப்பு டிக்கெட் அனுப்பியிருந்தார்கள். விமானம் கிளம்பியதும் அக்கா முதலில் பழச்சாறு கொண்டுபோய் நீட்டினாள். அவர் “வேண்டாம்” என்று கையை அசைத்தார். அவள் புன்னகைத்துவிட்டு அடுத்தவரிடம் போய்விட்டாள். பிறகு சாப்பாடு. “இப்ப எதுக்கு, வேண்டாம்.” அதையும் எடுத்துக்கொண்டு போய்விட்டாள். காலையில் காபி, ரொட்டி, முட்டை. அதுவும் அப்படியே. கெய்ரோவில் விமான ஊழியர்கள் மாறும்வரை அவர் அந்த நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து எல்லாவற்றையும் மறுத்துக்கொண்டே போனார்.

இதில் விளக்குவதற்கு ஒன்றுமில்லை என்றுதான் எங்கள் ஊர்க்காரர்கள் நினைப்பார்கள். எங்கள் வீடுகளில் ஒருவர் காபியை நீட்டினால் “வேண்டாம்” என்றுதான் சொல்ல வேண்டும். உடனே கையை நீட்டுகிறவன் பசிக்கு அலைகிறவன். நீட்டியவர் விடக் கூடாது. “அட, ஸ்வல்பம் குடிங்க” என்று மறுபடியும் சொல்ல வேண்டும், அதற்கும் மறுத்தால் டம்ளரைக் கையில் திணிக்க வேண்டும். அப்போதுதான் விருந்தாளி பெருமூச்சு விட்டு, உங்களுக்காகக் குடிக்கிறேன் என்பதுபோலக் குடிப்பார். பசியோடு வந்தவரும் பசியில்லாமல் வந்தவரும் செய்வது ஒன்றேதான். உண்மையில் வேண்டாதவர் தப்பிப்பது கடினம்.

“அவரு வேண்டாம்னா வேணும்னுதானே அர்த்தம்? உனக்குத் தெரியாதா?” என்றாள் அம்மா.

“தெரியும்மா. அவரு பையிலேருந்து கோடுபளே முறுக்கு எடுத்து, பேப்பரால முகத்தை மறைச்சுக்கிட்டுக் கடிச்சாரு. கடக்குன்னு சத்தம் கேட்டுச்சு. பக்கத்து வெள்ளைக்காரரு எஞ்சின்ல ஏதோ ஆயிடுச்சுன்னு என்னைக் கூப்பிட்டுக் கேட்டாரு.”

நான் சிரித்துவிட்டேன். அப்பா என்னைப் பார்த்த பார்வையில் சிரிப்பு பாதியில் நின்றது.

“ஒரு வார்த்தை வற்புறுத்தியிருக்கக் கூடாதா?”

அக்கா சொன்னாள். வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு ஆங்கிலேயக் கிழவியிடம் அவள் எங்கள் வீட்டு வழக்கப்படி நடந்துகொண்டாளாம். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று கேக்கை வைத்து, போர்வையை இழுத்துக் கழுத்துவரை போர்த்தி, போதாததற்கு நெற்றியையும் தொட்டுப் பார்த்திருக்கிறாள். ‘என்னை நோயாளி என்று உங்கள் பெண் நினைக்கிறாள்’ என்று அந்த அம்மாள் கம்பெனிக்குப் புகார் எழுதினாள். அதிலிருந்து அக்காவுக்குக் கிடைத்த பாடம் இது: ஒருமுறை கேள், மறுத்தால் புன்னகை செய், எடுத்துக்கொண்டு போ. பயணி முதலில் உன்னை அடையாளம் கண்டுகொண்டு பேசாதவரை நீயாக அவரைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதே. அய்யா வந்த விமானத்தில் அவளைப் பற்றி அறிக்கை எழுதும் மேலாளர் கூடவே இருந்தார். இருந்தும் மனசு கேட்காமல் ஒரு தட்டில் ஆப்பிளும் பிஸ்கட்டும் எடுத்து, ஒன்றும் சொல்லாமல் அவர் கைக்கு எட்டும் இடத்தில் வைத்திருக்கிறாள். பயணி மறுத்ததை ஏன் வைத்தாய் என்று மேலாளர் அதை எடுக்கச் சொல்லிவிட்டார்.

“சாயந்தரம் போய் மன்னிப்புக் கேட்டுட்டு வந்துடலாம்” என்றார் அப்பா.

“என்ன தப்புன்னு சொல்லுங்கப்பா, அதுக்குக் கேக்கறேன். நான் ஒழுங்கா வேலை பார்த்ததுக்கு எப்படி மன்னிப்புக் கேக்கறது?”

மதியம் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. அப்பா கூடத்துக்கும் வாசலுக்குமாக நடந்தார். அக்கா அடுக்களையில் துடைத்த பாத்திரத்தையே துடைத்துக்கொண்டிருந்தாள். வருகிறேன், ஆனால் அந்த வார்த்தை சொல்ல மாட்டேன் என்பதுதான் கடைசியில் அவள் ஒப்புக்கொண்டது.

எது மரியாதை என்று நான் இன்றுவரை தீர்மானிக்கவில்லை. சில வருடங்களுக்கு முன் முதன்முதலாக விமானத்தில் ஏறினேன். பின்னால் இருக்கும் சாதாரண இடம்தான். எனக்கு முன் வரிசையில் ஒரு வயதானவர் பணிப்பெண்ணிடம் “வேண்டாம்மா” என்றார். அவள் அழகாகச் சிரித்துத் தட்டை எடுத்துக்கொண்டு போனாள். அவர் தலை அந்தத் தட்டோடு திரும்பியது. பயணம் முடியும்வரை எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அவரைத் தட்டிக் கூப்பிட்டு, ‘கேளுங்கள், கொடுப்பாள்’ என்று சொல்ல வாய்வரை வந்தது. சொல்லவில்லை. ஒருவேளை அவருக்கு நிஜமாகவே வேண்டாமோ?

எங்கள் வீடு இருந்த மண்டி மொஹல்லாவிலிருந்து அய்யா வீடு அதிக தூரமில்லை. அன்று சாயந்தரம் போனதும் அய்யா எங்களைக் கூடத்தில் உட்கார வைத்தார். அவர் மனைவி கேசரியும் காபியும் கொண்டு வந்தார். அப்பா பழக்கத்தில், “எதுக்கும்மா இதெல்லாம், வேண்டாம்” என்றார்.

“மேஷ்ட்ருக்கு வேண்டாமாம். உள்ளே எடுத்துட்டுப் போ” என்றார் அய்யா.

அந்த அம்மாள் தட்டோடு நின்றார். போவதா நிற்பதா என்று அவருக்கே தெரியவில்லை. அப்பாவின் கை பாதி தூரம் வந்து நின்றிருந்தது. அம்மா தரையைப் பார்த்தாள்.

“எனக்கு வேணும்ங்கம்மா. நல்லாப் பசிக்குது” என்று அக்கா எழுந்துபோய்த் தட்டிலிருந்து ஒரு கிண்ணத்தை எடுத்துக்கொண்டாள்.

அய்யா அவளை முறைத்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். “ஹௌதா, அப்படியா! இவ்வளவு சுலபமா? நான் கெய்ரோ வரைக்கும் செத்தேனேம்மா!” கிண்ணங்கள் எல்லோர் கைக்கும் வந்தன. அப்பாவின் முகத்தில் ரத்தம் திரும்பியது. விஷயம் முடிந்தது என்றே நானும் நினைத்தேன்.

காபி குடித்தபின் அவர் கேட்டார். “என்னை அடையாளம் தெரிஞ்சுதா, இல்லையா? அதைச் சொல்லு.”

“ஏறினபோதே தெரிஞ்சுதுங்க அய்யா. நாங்களா முதல்ல பேசக் கூடாது. நீங்க கூப்பிடுவீங்கன்னு பார்த்தேன்.”

“நான் எப்படிக் கூப்பிடுவேன்? மேஷ்ட்ரு பொண்ணு, கவுனைப் போட்டுக்கிட்டு, கண்டவங்க எச்சில் தட்டை எடுக்கறா. நான் பார்த்துட்டேன்னு தெரிஞ்சா நீ கூசிப் போவியேன்னுதான் பேப்பரைப் பிடிச்சுக்கிட்டேன்.”

அவர் அதைக் கனிவோடுதான் சொன்னார், அதில் சந்தேகமில்லை. அக்கா கிண்ணத்தைக் கீழே வைத்தாள். ஆஸ்பத்திரியில் அவள் எதையெல்லாம் எடுத்தாள் என்று அவருக்குத் தெரியும். அதை ஊழியம் என்று அவரே மேடையில் புகழ்ந்திருக்கிறார்.

அய்யா அப்பா பக்கம் திரும்பினார். “மேஷ்ட்ரே, தலைமையாசிரியர் வேலை உங்களுக்குத்தான். நான் முடிவு பண்ணியாச்சு. ஆனா தலைமையாசிரியர் வீட்டுப் பொண்ணு இந்த வேலையில இருந்தா பிள்ளைங்களைப் பெத்தவங்க என்னைக் கேப்பாங்க. இவ ராஜினாமா எழுதிக் கொடுத்துட்டு வரட்டும். நம்ம ஆஸ்பத்திரியிலேயே மறுபடி சேர்த்துக்கறேன்.”

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அக்கா யாரையும் பார்க்கவில்லை. அய்யா சொல்லும் எதற்கும் “ஆகட்டும்” என்பதுதான் அப்பாவின் பதில். நான் அந்தச் சொல்லுக்காகத்தான் காத்திருந்தேன்.

“வேண்டாங்க அய்யா” என்றார் அப்பா.

அய்யா சிரித்தார். பெரிய பதவியை நீட்டும்போது ஒரு நல்ல மனிதர் அப்படித்தானே சொல்ல வேண்டும். “அட, சும்மா இருங்க. உங்களை விட்டா யாரு இருக்கா?”

“இல்லைங்க, வேண்டாம்.”

“கமிட்டியில யாரும் வாய் திறக்க மாட்டாங்க மேஷ்ட்ரே. நான் சொல்றேன், எடுத்துக்குங்க.” எழுந்து வந்து அப்பாவின் தோளில் கை வைத்தார். அந்த அம்மாளும், “ஒத்துக்குங்கண்ணா” என்றார். எவ்வளவு அன்பாக வற்புறுத்தினார்கள் என்று எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

அப்பா அந்தக் கையைத் தோளிலிருந்து மெல்ல எடுத்து, இரு கைகளுக்குள் வைத்துக்கொண்டார். “அய்யா, நான் உபசாரத்துக்குச் சொல்லலை. நிஜமாவே வேண்டாம்.”

திரும்பும் வழியெல்லாம் அவருக்குக் கோபம். யார்மேல் என்று தெரியவில்லை. கேசரியில் நெய் அதிகம் என்றார். ரோட்டில் சேறு என்றார். “ஒருநாள் யோசிச்சுச் சொல்றேன்னு வந்திருக்கலாம்ல?” என்று அம்மா கேட்டதும் நடையை எட்டிப் போட்டார். வீட்டு வாசலில் அக்கா, “நான் நாளைக்கே போய் ராஜினாமா எழுதிக் கொடுத்துடறேன்பா. நீங்க ஆசைப்பட்டது” என்றாள். அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். ஜெபம் முடித்துப் படுத்தோம். கூடத்தில் அவர் புரண்டு புரண்டு படுப்பதும் எழுந்து தண்ணீர் குடிப்பதும் கேட்டது. பக்கத்தில் அக்காவும் தூங்கவில்லை. விடிந்ததும் இருவரில் யார் மனம் மாறி அய்யா வீட்டுக்குப் போவார்கள் என்பதுதான் எனக்கு அப்போது தெரிய வேண்டியிருந்தது.

வேறொருவர் தலைமையாசிரியரானார். அப்பா கணக்கு வாத்தியாராகவே ஓய்வு பெற்றார். அதற்காக வருந்தினாரா என்றால், வருந்தினார். சில மாலைகளில் அது தெரியும். அக்கா கல்யாணம்வரை பறந்தாள்.

அந்த ஞாயிற்றுக்கு மறுநாள், திங்கட்கிழமை காலை. அக்காவின் சீருடையை அதுவரை நாங்கள் அடுப்பங்கரைக்குள் கயிறு கட்டித்தான் உலர்த்துவோம். அந்த நீல ஸ்கர்ட்டைத் தெருவில் போகிறவர்கள் பார்க்க வேண்டாம் என்று அம்மா நினைத்தாள். நான் எழுந்து வந்தபோது அப்பா பள்ளிக்கூடக் கோட்டு போட்டுக்கொண்டு, அந்த ஸ்கர்ட்டையும் வெள்ளைச் சட்டையையும் கையில் எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்க்கொண்டிருந்தார். பள்ளிக்கும் கோயிலுக்கும் போகிறவர்கள் எல்லாம் கடக்கும் தெரு அது. வாசல் கொடியில் சட்டையை உதறிப் போட்டார். ஸ்கர்ட்டின் மடிப்புகளை ஒவ்வொன்றாக இழுத்து நேர் செய்தார்.

“அதை ஏன் அங்கே கொண்டு போடறீங்க?” என்று அம்மா உள்ளிருந்து கேட்டாள்.

“இங்கதான் வெயில் நல்லா விழும்” என்றார் அப்பா. வானம் மூட்டமாகத்தான் இருந்தது.