பத்து மார்க் மேடம்

சட்டக் கல்லூரியில் அவளுக்குப் பட்டப்பேர் பத்து மார்க் மேடம். பாடம் அரசியலமைப்புச் சட்டம். பரீட்சைக்கு எந்தப் பத்து மார்க் கேள்வி வரும் என்று மோப்பம் பிடித்து, பதிலையும் வரி வரியாகச் சொல்லி எழுத வைத்துவிடுவாள். அவள் வகுப்பில் எவனும் ஃபெயில் ஆனதில்லை. யாராவது கை தூக்கிச் சந்தேகம் கேட்டால், "இதெல்லாம் பரீட்சைக்கு வராதுப்பா, உட்காரு." அவ்வளவுதான் சட்டக் கல்வி!

மேடை ஏறினால் மட்டும் வேறு ஆள். "நல்ல வக்கீல் கிடைப்பது அரசியலமைப்பு தந்த உரிமை. அப்படியென்றால் சட்டப் படிப்பின் தரமும் மக்களின் உரிமைதான்!" என்று வெளுத்து வாங்குவாள். கைதட்டல் அடங்க நேரமாகும்.

ஒருநாள் அவள் தம்பியைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. கடைத்தெருக் கைகலப்பை வேடிக்கை பார்த்தவன், பாவம். பிடித்தவனை ஒரு நாளுக்குள் கோர்ட்டில் நிறுத்த வேண்டும் என்பது சட்டம்; காரணமே சொல்லாமல் மூன்று நாள் ஸ்டேஷனில் வைத்திருந்தார்கள். சேதி கேட்டு, அவளிடம் முதல் மார்க் வாங்கிய பழைய மாணவன் கறுப்புக் கோட்டோடு ஓடி வந்தான்.

"நான் பார்த்துக்கிறேன் மேடம், கவலையை விடுங்க."

அவளுக்குப் பெருமை பிடிபடவில்லை. முதல் மார்க் பையனுக்கு நாம் என்ன சொல்ல இருக்கிறது என்று விட்டுவிட்டாள்.

கோர்ட்டில் அரசு வக்கீல், "நேத்து ராத்திரிதான் பிடிச்சோம்" என்று கூசாமல் புளுகினார். நீதிபதி பையனைப் பார்த்தார். "நீங்க என்ன சொல்றீங்க?"

"முன்னுரை. தனிமனித சுதந்திரம் என்பது..." என்று ஆரம்பித்தான் பாருங்கள்! கைதானவனின் உரிமைகளைக் கடகடவென்று ஒப்பித்தான். அவள் எழுத வைத்த அதே பதில்.

"அதெல்லாம் சரி வக்கீல் சார். உங்க கட்சிக்காரரை என்னைக்குப் பிடிச்சாங்க?"

பையன் திருதிருவென்று விழித்தான். கட்சிக்காரனிடம் அவன் ஒன்றுமே விசாரிக்கவில்லை. தம்பி பேச வாயைத் திறந்தான், "உங்க வக்கீல் பேசட்டும்" என்று அடக்கிவிட்டார்கள். பின்வரிசையில் இருந்த அவளுக்கு எழுந்து கத்த வேண்டும் போலிருந்தது. இரண்டு வாரக் காவல் என்று உத்தரவானது.

வராந்தாவில் பையன் வியர்க்க விறுவிறுக்க வந்தான். "ஒரு வரிகூட விடலையே மேடம், எங்க தப்பாச்சு?" அவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

காவலர் இருவர் தம்பியை அழைத்துப் போனார்கள். அவளைக் கண்டதும் நின்றான்.

"ஏன்க்கா, என்ன நடந்துச்சுன்னு அந்தப் பையன் என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"நான் சொல்லிக் கொடுக்கலைடா," என்றாள்.