அக்காவின் பாவாடை நாடா

என் அக்காவின் வயிற்றில் யாரும் மருந்து வைக்கவில்லை. இதை வாய்விட்டுச் சொல்ல எனக்கு இத்தனை வருடம் ஆகியிருக்கிறது.

அக்காவுக்குப் பதினாறு வயது, எனக்கு எட்டு. ஒரு சடங்கு வீட்டில் தாய்மாமன், “என்னத்தா, உரலுக்குப் பாவாடை கட்டுன மாதிரி இருக்க?” என்றார். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அன்றிலிருந்து அக்காவின் தட்டுச் சோறு ஆட்டுக்குட்டிக்குப் போனது. பாவாடை நாடாவில் இடுப்பளவுக்கு ஒரு முடிச்சுப் போட்டு வைத்தாள். இடுப்பு சிறுத்ததும் உள்ளே தள்ளி இன்னொன்று. “யாருட்டயும் சொல்லாத, என்ன?” என்று எனக்கு மட்டும் காட்டுவாள்.

சில மாதங்களில் அக்கா எலும்பும் தோலுமானாள். மாதவிலக்கும் நின்றது. வச்ச மருந்துதான் என்று வீட்டில் முடிவுகட்டினார்கள். வேண்டாதவர்கள் சோற்றில் எதையோ கலந்து கொடுத்தால், அது குடலில் ஒட்டிக்கொண்டு ஆளை உருக்கிவிடுமாம். பொங்கலுக்கு அக்கா திருச்சுழி அத்தை வீட்டில் சாப்பிட்டிருந்தாள். பழி அத்தை மேல் விழுந்தது.

பந்தல்குடிப் பக்கம் மருந்து எடுக்கிறவரிடம் கூட்டிப்போனார்கள். “யாரு வீட்டுல கை நனச்ச?” என்று கேட்டார். அக்காவின் வயிற்றில் குழாயை வைத்து உறிஞ்சி, கறுப்பாய் ஓர் உருண்டையைத் துப்பிக் காட்டினார். ஏன் சாப்பிடவில்லை என்று அவரும் கேட்கவில்லை, பெற்றவர்களும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் எல்லாரும் பார்க்க அக்கா சோறு தின்றாள். பிறகு கருவேலம் புதருக்குப் பின்னால் போய் வாந்தியெடுத்தாள். நான் செம்புத் தண்ணீரோடு நின்றேன். ஓடிவந்து பார்த்த அம்மா வானத்தைப் பார்த்துக் கும்பிட்டாள்.

“மிச்ச மருந்தும் வந்துருச்சு, தாயி!”

அடுத்த ஆடியில் அக்கா செத்துப்போனாள். கேதத்துக்கு வந்த அத்தையை அப்பா வாசலிலேயே மறித்தார். “மூஞ்சிய மட்டும் பாத்துட்டுப் போயிர்றேண்ணே” என்று அத்தை தெருவில் உட்கார்ந்து அழுதாள். விடவில்லை.

போன மாதம் என் மகளும் சோற்றை ஒதுக்கினாள். மதுரையில் டாக்டரம்மா எடை பார்த்தார், ரத்தம் எடுக்கச் சொன்னார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு அவளிடம் கேட்டார்.

“யாராச்சும் உன்னைக் குண்டுன்னு சொன்னாங்களாம்மா? சாப்பிட்டதும் வாந்தி எடுக்குறியா? மாசாமாசம் ஒழுங்கா வருதா?”

எனக்கு ஆத்திரமாக வந்தது. இவ்வளவுதானா? எங்கள் வீட்டில் ஒரு வாய்கூடவா இதைக் கேட்கத் திறக்கவில்லை? மகள் பேசுவதற்கு முன்பே என் நாக்கில் அக்காவின் பதில்கள் வந்து நின்றன.

நாடாவில் மொத்தம் நான்கு முடிச்சு. எனக்கு மட்டும்தான் தெரியும். அக்காவைத் தூக்கிக்கொண்டு போன அன்றும், சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டேன் என்று எனக்குள் பெருமையாகத்தான் இருந்தது.