ஏலவார்குழலி கட்டச் சொன்ன வேப்பிலை

ஏலவார்குழலிக்கு வாயும் கையும் ஒன்றாகத்தான் பேசும். காஞ்சிபுரத்தில் பிறந்து, பிள்ளைப்பாக்கத்துக்குப் பக்கத்தில் ஓர் ஊரில் வாழ்க்கைப்பட்டவள். குடித்துவிட்டு அடிக்க வந்த புருஷனின் முட்டியில் உலக்கையால் ஒன்று போட்டாள். அவன் நொண்டிக்கொண்டே போனவன்தான், திரும்பி வரவில்லை. ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் லைனில் நின்றாள். இடுப்பைத் தொட்ட சூப்பர்வைசரின் மூக்கை உடைத்தாள். வேலை போனது. பிறகு பஞ்சாயத்தில் சுகாதாரத் தன்னார்வலர் ஆனாள்.

"இவளையா நோவு பாக்க வெச்சாங்க? நோவு குடுக்கிறவளாச்சே" என்று தெரு சிரித்தது. ஆனாலும் வலி எடுத்த பெண் இருந்தால் அவள் கதவைத்தான் தட்டினார்கள். அடிக்கிற கைதான் அணைக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்?

கொரோனா இரண்டாம் முறை வந்தபோது தெரு முழுக்க ஜுரம். ஆனால் கேட்டால் ஒருவனுக்கும் ஜுரம் இல்லை! ஷிஃப்ட் போகாவிட்டால் சம்பளம் இல்லையே. கம்பெனி பஸ் ஏறும் முன் மாத்திரையை விழுங்குவார்கள். கேட் நெருங்கும்போது ஐஸ் தண்ணீரில் நனைத்த கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொள்வார்கள். செக்யூரிட்டி நீட்டும் மெஷின் பச்சை காட்டும். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து வந்தவன் அடுத்த வாரம் படுப்பான்.

பஞ்சாயத்து தெருமுனையில் தகரம் வைத்து அடைத்தது. தகரம் அடித்த தெருவில் கம்பெனி பஸ் நிற்காது. வயிற்றில் அடித்தால் யார் பொறுப்பார்கள்? லோடு ஏற்றும் சுப்பிரமணி கடப்பாரையோடு வந்தான். ஆணி பிடுங்கிக்கொண்டு தகரம் விழுந்தது. தடுக்கப் போன குழலியின் நெற்றியை அதன் விளிம்பு கிழித்தது. ரத்தம் கண்ணில் வழிய வழிய அவள் சுப்பிரமணியின் முழங்கையைக் கடித்தாள். விட்டபோது வாயில் இருந்தது யாருடைய ரத்தம் என்று அவளுக்கே தெரியவில்லை.

நெற்றியில் தையலோடு வீட்டில் கிடந்தபோதுதான் அந்த யோசனை வந்தது. அம்மை போட்ட வீட்டு வாசலில் வேப்பிலை செருகிவிட்டால் யாராவது படியேறுவார்களா? அந்த வீட்டு ஆள் வெளியே போவானா? அம்மை என்றால் சூப்பர்வைசர்கூட மறுபேச்சு பேசாமல் லீவு தருவான். தகரத்துக்கு அடங்காத தெரு இலைக்கு அடங்கும்.

மறுநாள் மஞ்சள் புடவை கட்டி, நெற்றிக் கட்டோடு அம்மன் கோயில் முன்னால் நின்றாள்.

"ஆத்தா கனவுல வந்தா. இந்த ஜுரம் நாந்தான்னா. ஜுரம் வந்த வூட்ல எல்லாம் வேப்பிலை கட்டுங்க. எவனும் வெளிய போவக்கூடாது, உள்ள வரவும் கூடாது."

தகரத்தைப் பிடுங்கிய சுப்பிரமணியே வேப்பமரத்தில் ஏறிக் கிளை ஒடித்துப் போட்டான். வீட்டுக்கு வீடு இலை தொங்கியது. தெருவில் ஈ காக்கை இல்லை. பஞ்சாயத்தில் அவளைப் பாராட்டினார்கள். அவளும் கொஞ்சம் நிமிர்ந்துதான் நடந்தாள்.

ஒன்றை மறந்துவிட்டாள். ஆத்தா வந்த வீட்டில் ஆள் நுழையக் கூடாது என்ற அதே ஊர் வாய்தான், ஆத்தா இறங்கிய உடம்பில் ஊசி படக்கூடாது, மாத்திரை தரக்கூடாது, ஆஸ்பத்திரி வாசல் மிதிக்கக்கூடாது என்றும் சொல்லும்.

சுப்பிரமணியின் தம்பி புருஷோத்தமன் படுத்தான். அவன் மனைவி ரஞ்சனி வேப்பிலையால் விசிறினாள், மஞ்சள் தண்ணீர் தெளித்தாள், இளநீர் கொடுத்தாள். அவன் மூச்சுவிடும் சத்தம் தெருவரை கேட்கத் தொடங்கியபோது குழலி 108க்குப் போன் செய்தாள். வண்டியோடு வந்தாள். வாசலில் சுப்பிரமணி அரிவாளோடு நின்றான்.

"ஆத்தா கீற வூடு. எவன் ஊசியோட வந்தாலும் வெட்டிருவேன்."

"அண்ணே, அவன் சாவறான். வுடு."

"நீதான சொன்னே?"

"நாந்தான் சொன்னேன். பொய். கனவும் இல்ல, ஒரு மயிரும் இல்ல. ஆத்தா வரல. நோவுதான் வந்திருக்கு!"

சொல்லிவிட்டு நிலையில் தொங்கிய வேப்பிலையைப் பிய்த்துத் தரையில் போட்டாள்.

தெரு மொத்தமும் அவள் மேல் பாய்ந்தது. முடியைப் பிடித்து இழுத்தார்கள். வயிற்றில் மிதித்தார்கள். சுப்பிரமணி அரிவாளைத் திருப்பிப் பிடித்து அதன் பின்புறத்தால் அடித்தான். கை எலும்பு முறிந்த சத்தம் அவளுக்கே கேட்டது. விழுந்தபடியே அவன் காலைக் கட்டிக்கொண்டு, "ரஞ்சனி, தூக்குடீ! இப்பவே தூக்கு!" என்று கத்தினாள். எல்லாக் கண்ணும் அவள் மேல் இருந்த நேரத்தில் ரஞ்சனியும் வண்டிக்காரரும் புருஷோத்தமனைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

அவன் பிழைக்கவில்லை. "இன்னும் முன்னாடியே கொண்டாந்திருக்கக் கூடாதா?" என்று டாக்டர் கேட்டதை ரஞ்சனி கேட்டுக்கொண்டு வந்தாள்.

தடுப்பூசி முகாம் பள்ளிக்கூடத்தில் நடந்தது. அதற்கும் பேர் எழுதக் குழலிதான். மாவுக்கட்டுக் கையோடு வீடு வீடாகப் போய்க் கூப்பிட்டாள். கதவுகளை முகத்தில் சாத்தினார்கள். ஒரு வீட்டிலிருந்து சாணித் தண்ணீர் வந்தது. முகாமில் நர்ஸும் அவளும் மட்டும் வெறும் நாற்காலிகளைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள்.

வெயில் ஏறிய பிறகு ரஞ்சனி வந்தாள். நேராக வந்து குழலியின் கன்னத்தில் பளாரென்று அறைந்தாள். இன்னொன்று. நர்ஸ் பயந்து எழுந்துவிட்டார். யார் அடித்தாலும் திருப்பி அடிக்கும் ஏலவார்குழலி, கையைக்கூடத் தூக்காமல் நின்றாள்.

"உன்ன நம்பித்தானக்கா விசிறிக்கினு உக்காந்திருந்தேன்" என்றாள் ரஞ்சனி. "இந்த ஊசில இன்னா மறைக்கிற? சொல்லு."

"ஜுரம் வரும். கை தூக்க முடியாம வலிக்கும். போட்டுக்கினாலும் நோவு வரலாம். சாவறது கொறையும்னு சொல்றாங்க. அவ்ளோதான் எனக்குத் தெரியும்."

"அவருக்குப் போட்டிருந்தா பொழச்சிருப்பாரா?"

"தெரியலடீ."

ரஞ்சனி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அறைந்த கையில் ரவிக்கை விளிம்பை மேலே ஏற்றிவிட்டாள்.