அமைச்சர் கூட்டத்துக்கு வராதவர்

தேர்தல் நெருங்கிய ஒரு வேலைநாளில், பக்கத்து ஊரான கம்போங் ராஜாவில் அமைச்சர் பேசுகிறார் என்று எங்கள் தேயிலை எஸ்டேட்டுக்கு லாரி வந்தது. தொழிலாளர் சங்கத் தலைவரே நின்று ஆட்களை ஏற்றினார். கிளைச் செயலாளரான நானும் உடன் நின்றேன்.

கொழுந்தெடுக்கும் அக்கா ஒருவர் மட்டும் ஏறவில்லை. ஒல்லியான உடம்பு, தலையில் மஞ்சள் துண்டு. யாரிடம் பேசினாலும் முகத்திலிருந்து கண்ணை எடுக்கமாட்டார்.

“ஏறுங்கக்கா” என்றேன்.

“வேலை நாள்ல வேலை, தம்பி. அமைச்சருக்கு என்கிட்ட பேசணும்னா ஞாயித்துக்கிழம லயத்து வீட்டுக்கு வரட்டும், கேக்கிறேன். சங்கம் நம்ம சம்பளத்துக்குப் பேசணும். கட்சிக்கு ஆள் புடிக்கிறது அதோட வேலை இல்ல லா.”

“வரலன்னா சங்கத்திலேருந்து பேர எடுத்துருவோம்” என்றார் தலைவர்.

“எடுங்க. நானா போக மாட்டேன். எங்கம்மா காலத்துலேருந்து இது எங்க சங்கம்.”

கூடையை மாட்டிக்கொண்டு மலையேறினார். லாரியிலிருந்து இரண்டு பெண்கள் இறங்கி அவர் பின்னால் போனார்கள்.

அடுத்த சங்கக் கூட்டத்தில் அந்த அக்கா தலைவருக்கு நேர் எதிரே வந்து உட்கார்ந்தார். பேரை எடுப்போம் என்று சொல்லியிருந்தும், அவரை எழுந்து போகச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. தலைவர் முகத்திலிருந்து அவர் கண்ணை எடுக்கவே இல்லை. தலைவர் அன்று கட்சியின் பெயரையே எடுக்காதது எனக்கு இன்றும் வியப்புதான்.