இடம் மாற்றிய இரண்டு கோடுகள்

காலை ஆறு மணி ஷிப்டுக்கு எண்ணூர் போய், மூன்று மணிக்கு மேல் ராயபுரம் திரும்பும்போது உடம்பில் மிச்சமிருப்பது அலுப்பு மட்டும்தான். தொழிற்சாலை லேபில் வேலை. அது வயிற்றுக்கு. அதற்குப் பிறகு, பகுதிநேர ஆராய்ச்சி மாணவன் என்ற பெயரில், அணுக்கரு எவ்வளவு வேகமாகச் சுழல்கிறது என்று நான் பார்த்தாக வேண்டும். இதெல்லாம் எதற்கு என்று மாமனார் பல தடவை கேட்டிருக்கிறார். ஹார்பரில் மூட்டை தூக்கியவர் அவர். அவரிடம் போய்க் களைப்பு என்று சொல்லவும் முடியாது.

எழுபதுகளின் தொடக்கம் அது. வெளிநாட்டில் ஒரு சோதனை செய்துவிட்டு வந்த என் பேராசிரியர், அங்கே பதிவான காமா கதிர்களின் கணக்கைக் கட்டுக்கட்டாக அச்சடித்துக் கொண்டுவந்திருந்தார். தாள் முழுக்க எண்கள். அவற்றைக் கிராப் தாளில் புள்ளி புள்ளியாக வைத்தால், அங்கங்கே கூராக ஒரு கோடு எழும்பும். என் மனைவி எண்களைப் படிப்பாள், நான் புள்ளி வைப்பேன். எட்டாவது வரை படித்தவள். ஜெபமாலை சொல்கிற குரலிலேயே நிறுத்தாமல் படித்துக்கொண்டு போவாள். நடுவில் தூங்கி விழுவது நான்தான்.

என்னவென்று தெரியாமல் படிக்க மாட்டேன் என்றாள். சொன்னேன். வேகமாகச் சுழலும் கரு படிப்படியாக வேகம் குறையும். ஒவ்வொரு படி இறங்கும்போதும் ஒரு காமா கதிரை விடும். மேல்படியில் வேகம் அதிகம், அதனால் அங்கே வரும் கதிருக்குச் சக்தியும் அதிகம். எல்லாக் கருக்களும் உச்சியிலிருந்தே இறங்குவதில்லை, நடுப்படிகளிலும் வந்து சேரும். எண்ணூரில் காலியாகக் கிளம்பும் ரயில் பீச் ஸ்டேஷனுக்குள் நிரம்பிவிடுகிற மாதிரி, கீழே வரவரக் கூட்டம் கூடும், கோடும் உயரும்.

ஒரு ஞாயிறு மத்தியானம், மீன் குழம்பு சாப்பிட்ட கையோடு உட்கார்ந்தோம். கிராப்பைப் பார்த்துக்கொண்டிருந்தவள் மேல்படிகளுக்கு உரிய இரண்டு கோடுகளைத் தொட்டுக் கேட்டாள்.

"இன்னாங்க, கூட்டம் கம்மியா கீறது தான மேல் ஸ்டேஷன்னீங்க? இந்த ரெண்டுல இதுக்குத் தான கம்மியா கீது? அப்போ இது தான மேல வரணும்?"

அவள் காட்டிய கோட்டுக்குச் சக்தி குறைவு. மேலே போகப்போகச் சக்தி ஏற வேண்டும் என்பது அன்றைக்கு எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

"நீ நம்பரத் தப்பா படிச்சிருப்ப" என்றேன்.

"இல்லீங்க. சரியா தான் படிச்சேன்."

தாளை மறுபடி எடுத்துப் பார்க்க ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். அதற்குக்கூட எனக்குத் தெம்பில்லை. கூட்டக் கணக்குப்படி வந்த வரிசையை மாற்றி, சக்தி அதிகமுள்ள கோட்டை மேல்படியாக எழுதி, ஓரத்தில் 'வாசிப்புப் பிழை' என்று குறித்துவிட்டுப் படுத்தேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். எனக்கு ஆடத் தெரியும், அலுப்புதான். வரிசை அழகாக இருப்பதாகப் பேராசிரியரும் சொன்னார்.

அதன் பிறகு அவள் ஒவ்வொரு எண்ணையும் விரல் வைத்து இரண்டு தடவை படித்தாள். வேலை இழுத்தது. அதற்கும் நான் சலித்துக்கொண்டேன்.

கப்பலில் வரும் ஆராய்ச்சிச் சஞ்சிகைகள் எங்களுக்கு மாதக்கணக்கில் தாமதமாகத்தான் கிடைக்கும். அப்படி வந்த ஒன்றைப் பேராசிரியர் விரித்துக் காட்டினார். வேறு நாட்டில் யாரோ அதே மாதிரிக் கோடுகளைப் பார்த்து, உள்ளதை உள்ளபடி வரைந்திருந்தார்கள். ஓர் அளவுக்கு மேல் போனால், கருவுக்குள் ஜோடியாக இருக்கும் இரண்டு துகள்கள் பிரிந்து சுழற்சியில் ஒரு பங்கைத் தாங்களே எடுத்துக்கொள்கின்றன. கரு மொத்தமாகச் சற்று மெதுவாகிறது, கதிரின் சக்தியும் குறைகிறது. வீட்டுக்கு வந்து பழைய தாளை எடுத்துப் பார்த்தேன். அவள் படித்த எண் சரி, அவள் காட்டிய கோடுதான் மேலே வர வேண்டியது. கைக்கு வந்ததை நானே விட்டிருந்தேன்.

அரிசி களைந்துகொண்டிருந்தவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வெளிநாடு, சஞ்சிகை எதுவும் அவள் காதில் ஏறவில்லை.

"அப்போ நான் தப்பா படிக்கல."

"இல்ல. எம்மேல தான் தப்பு."

அரிசி களைந்த தண்ணீரை வடித்தாள்.

"ஸ்கூல்ல ரிஜிஸ்டர் எழுதற வேலைக்கு சிஸ்டர் ரெண்டு வாட்டி கூப்ட்டாங்க. நம்பரு தப்பா படிக்கறவ நான், வேணாம் சிஸ்டர்னுட்டேன்."

எனக்கு வெட்கமாக இருந்தது. "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே?"

"இன்னா சொல்றது? நீங்க தான சொன்னீங்க."

அந்த வேலையில் வேறொருத்தி சேர்ந்து ஆறு மாதம் ஆகியிருந்தது.