ஆயிரம் கஜமும் ஒரு டப்பா மருந்தும்

காலையில் எழுந்ததும் ஆர்டிஸ் காபிக்குத் தண்ணீர் வைக்க மாட்டாள். இரவு உடைக்கு மேல் கணவனின் கோட்டைப் போட்டுக்கொண்டு, ரப்பர் பூட்ஸில் காலை நுழைத்துக்கொண்டு, டிராக்டர் கொட்டகை வரை நடப்பாள். அங்கே தூணில் ஆணியடித்திருக்கும் வெப்பமானியை விரலால் ஒரு சுண்டு சுண்டிப் பார்ப்பாள். திரும்பி வந்து, படுக்கையறை வாசலில் நின்று எண்ணைச் சத்தமாகச் சொல்வாள். வெர்லின் பல வருடங்களாக அந்த எண்ணைக் கேட்டுத்தான் கண் விழிக்கிறான். கோதுமைக்காகத்தான் பார்க்கிறாள் என்று வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தான். ஒருநாள் அதைச் சொல்லியும் விட்டான்.

"உன் கோதுமைக்கு நான் எதுக்குப்பா பனியில நடக்கணும்? என் துப்பாக்கிக்குப் பாக்கறேன்."

துப்பாக்கிக்கும் வெப்பமானிக்கும் என்ன சம்பந்தம் என்று அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஸ்டோன் கூலி ஊர் சில வருடங்கள் முன்பே ஜெயித்திருக்கும் என்று பிற்பாடு அவனுக்குத் தோன்றியது.

ஆர்டிஸ் அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தின் சமையல்காரி. மொன்டானாவின் வடக்கு ஓரத்தில் கனடாவுக்குப் பக்கத்து ஊர். வருடம் முழுக்கப் பிள்ளைகளுக்குச் சமைத்துவிட்டு, கோடை விடுமுறையில் ஒரே ஒரு நாள் பெரியவர்களுக்கும் சமைப்பாள். அந்த ஒரு நாள்தான் அவள் நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது.

ஆகஸ்ட் முதல் சனிக்கிழமை ஸ்டோன் கூலிக்கும் பக்கத்து ஊரான மில்வேக்கும் சுடும் போட்டி. ஆயிரம் கஜத்துக்கு அப்பால், சரிவில் சங்கிலியில் தொங்கும் இரும்புத் தகடு. ஊருக்கு நாலு பேர். தோற்ற ஊர் ஜெயித்த ஊருக்குச் சமைத்துப் போட்டு, பரிமாறி, பாத்திரமும் கழுவ வேண்டும். மில்வே ஜெயிப்பதும் ஆர்டிஸ் ஏப்ரன் கட்டுவதும் வழக்கமாகிப் போயிருந்தது. நாலு பேரில் நன்றாகச் சுடுவதும் அவள்தான், கடைசியில் பாத்திரத்துக்கு முன்னால் நிற்பதும் அவள்தான். மற்ற மூன்று ஆண்களும் உருளைக்கிழங்கு உரிப்பதோடு சரி.

மில்வே அணியின் தலைவன் ராய்ஸ் கெட்டில்சன், உழவு இயந்திரம் விற்பவன். சாப்பிட்டு முடித்ததும் வருடா வருடம் தட்டை நீட்டிச் சொல்வான்: "ஏம்மா ஆர்டிஸ், பீன்ஸ் இன்னும் கொஞ்சம் வை. நீ சுடறது எப்படியோ, சமையலை மட்டும் விட்டுடாதே."

வைப்பாள். 

"ஒரே ஒரு தடவை வெர்லின்," என்றாள் ஒரு வருடம், அங்கிருந்து திரும்பி வீட்டு வாசலில் வண்டி நின்ற பிறகு. "ஒரு தடவை நான் உக்காரணும். அவன் ஏப்ரன் கட்டிட்டு வந்து எனக்குப் பரிமாறணும். அப்புறம் துப்பாக்கியை விக்கச் சொன்னாலும் வித்துடறேன்."

அந்தப் பக்கத்தில் தோட்டாவைக் கடையில் வாங்குவது கொஞ்சம் கேவலம். சுட்ட பித்தளைக் கூட்டைப் பொறுக்கி வந்து, புதிதாக வெடிமருந்தும் குண்டும் வைத்து வீட்டிலேயே செய்துகொள்வார்கள். அதற்கு நேரம் கிடைப்பது வயல் பனியில் புதைந்து கிடக்கும் ஜனவரியிலும் பிப்ரவரியிலும்தான். எந்த மருந்து தன் துப்பாக்கிக்குச் சரிப்படுகிறது என்று மூக்கு உறையும் குளிரில் சுட்டுப் பார்த்து முடிவு செய்வார்கள். அப்படிச் செய்த தோட்டாவை ஆகஸ்ட் வெயிலுக்குக் கொண்டுபோவார்கள். குண்டு தகட்டுக்கு மேலே பறக்கும். காற்றைத் திட்டுவார்கள். துப்பாக்கிமேல் பொருத்தியிருக்கும் தொலைநோக்கியைத் திட்டுவார்கள். அடுத்த ஜனவரியில் மறுபடி அதையே செய்வார்கள்.

ஆர்டிஸுக்கு உறைத்தது ஒரு போட்டியின் நடுவில். காலைக் குளிர்ச்சியில் அவள் குண்டுகள் தகட்டின் நடுவில் விழுந்தன. மதியத்துக்கு மேல் அதே துப்பாக்கி, அதே தோட்டா, எல்லாம் மேலே. அன்று இரும்புச் சட்டிகளைத் தேய்த்துக்கொண்டே அணிக்காரன் ஹாலிஸிடம் சொன்னாள்: "காத்தும் இல்லை, கண்ணும் இல்லை. மருந்துதான். சூடு ஏறினா வேகமாத் தள்ளுது. நாம குளிர்ல செஞ்சு வெயில்ல சுடறோம்."

"மருந்துக்கு வெயில் தெரியுமா?" ஹாலிஸ் சிரித்தான். "அப்படின்னா மில்வேக்காரனுக்கு மட்டும் தெரியாதா?"

"அவனுக்கும் மேலதான் போகுது. நம்மளைவிடக் கொஞ்சம் கம்மியாப் போகுது, அவ்வளவுதான். அந்தக் கொஞ்சத்துக்குத்தான் நான் சட்டி தேய்க்கறேன்."

வெப்பத்துக்கு அசையாத மருந்துகள் இல்லாமலில்லை. ஆனால் அந்த வருடங்களில் அவற்றின் பெயரைக் கேட்டாலே கடைக்காரன் டுவெயின் கையை விரித்துவிடுவான். லாரி வந்து இறங்கிய அன்றைக்கே தீர்ந்துவிடும். எப்போதும் கிடைத்தது பளபளப்பான லேபிள் ஒட்டிய ஒன்று. மணி மணியாக இருக்கும், அளவைக் கருவியில் தண்ணீர்போல இறங்கும், வேகமும் அதிகம். ஊரே அதைத்தான் வாங்கியது. வெயிலில் துள்ளுவதும் அதுதான்.

ஆர்டிஸ் அலமாரியின் கீழ்த்தட்டைக் காட்டினாள். தூசி படிந்த டப்பாக்கள் சில அங்கே கிடந்தன.

"அதுவா? அது வேண்டாம்மா," என்றான் டுவெயின். "குச்சி குச்சியா இருக்கும். அளவையில சிக்கும். ஒவ்வொரு தோட்டாவுக்கும் தராசுல நிறுக்கணும். வேகமும் கம்மி. யாரும் தொடறதில்லை."

"யாரும் தொடலைன்னா எனக்குக் கிடைக்கும்ல?"

"வெயில்ல எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாது."

"எனக்கும் தெரியாது. அதைத்தான் பாக்கப்போறேன்."

வேகம் குறைந்தால் என்ன, தொலைநோக்கியில் கொஞ்சம் கூடுதலாகத் திருப்பிக்கொண்டால் போயிற்று என்பது அவள் கணக்கு. என்றைக்கும் ஒரே வேகமாக இருந்தால் போதும். தோட்டாக்களைச் செய்து, பிப்ரவரியில் கொஞ்சம் சுட்டாள். மேய்ச்சல் நிலத்தின் கோடியில் தொங்கவிட்ட தகட்டுக்கு வெர்லின் முன்பே வண்டியில் போய் ஒரே ஒரு தடவை வெள்ளையடித்திருந்தான். ஏப்ரலில் கொஞ்சம் சுட்டாள். ஜூலை உச்சி வெயிலில், புல் காய்ந்து கால் சுடும் நாளில், மிச்சத்தைச் சுட்டாள். ஒப்பிட்டுப் பார்க்க, பழைய மருந்திலும் பக்கத்துத் தகட்டில் சுட்டாள். கோடையில் காற்று லேசாகிக் குண்டு கொஞ்சம் மேலே போகும் கணக்கை அவள் முன்பே தொலைநோக்கியில் கழித்திருந்தாள்.

வெர்லின் தகட்டின் முன்னால் போய் நின்றான். மூன்று பருவத்துக் குண்டுகளின் தடங்களும் அவன் உள்ளங்கைக்குள் அடங்கின. பக்கத்துத் தகட்டில் பளபளப்பு லேபிள் மருந்தின் ஜூலைக் குண்டுகளில் பாதியைக் காணவே காணோம். மேலே எங்கேயோ போயிருந்தன.  இத்தனை வருடமும் காற்றுதான் காரணம் என்று ஹாலிஸ் சொன்னதை யோசிக்காமல் நம்பினோமே, இவள் சொன்னதற்கு மட்டும் ஏன் சாட்சி தேவைப்பட்டது என்று தோன்றியது. வண்டியைக் கிளப்பினான்.

ஹாலிஸும் மற்ற இருவரும் வந்து தகட்டைத் தடவிப் பார்த்துவிட்டு, தங்களுக்கும் அந்த மருந்தே வேண்டும் என்றார்கள். அங்கேதான் சிக்கல். டுவெயினிடம் இருந்ததை எல்லாம் வாங்கியும் மூன்று பேருக்குத்தான் வந்தது. இன்னும் ஒரு டப்பா வேண்டும். சுற்றுவட்டாரத்தில் அதை வைத்திருந்தது ஒரே ஒரு ஆள். தன் பழைய கரடிவேட்டைத் துப்பாக்கிக்காக எப்போதோ வாங்கியவன். ராய்ஸ் கெட்டில்சன்.

"அவன்கிட்டயா?" என்றான் வெர்லின்.

"வேற எவன்கிட்ட இருக்கு? ஏறு வண்டியில."

ராய்ஸ் கொட்டகையிலிருந்து சீல் உடைக்காத டப்பாவை எடுத்து வந்து குலுக்கிக் காட்டினான். "இதை வச்சு என்ன பண்ணப்போறே? குப்பை கொளுத்தவா?"

"போட்டிக்கு."

ராய்ஸ் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "எடுத்துட்டுப் போம்மா. நல்லா எடுத்துட்டுப் போ."

ஆர்டிஸ் கைப்பையைத் திறந்தாள்.

"காசை உள்ள வை. இரவல்தான். இதே மருந்து, இதே மாதிரி ஒரு டப்பா, திருப்பிக் குடு. அடுத்த லாரியில வந்து கடையில சீந்துவாரில்லாமதானே கிடக்கப்போகுது?"

"குடுக்கறேன்," என்று கையை நீட்டினாள். குலுக்கிக்கொண்டார்கள். அந்த ஊர்களில் பத்திரம் எழுதிக் கையெழுத்துப் போட்டதும் கை குலுக்கியதும் ஒன்றுதான்.

போட்டியன்று வெயில் மண்டையைப் பிளந்தது. காலையில் இரண்டு ஊரும் சமம். மதியத்துக்கு மேல் துப்பாக்கிக் குழாயைத் தொட முடியவில்லை. மில்வேக்காரர்கள் சுட்டார்கள். தகட்டுக்கு மேலே சரிவில் தூசி கிளம்பியது. கீழே இறக்கிச் சுட்டார்கள். அடுத்தது இன்னும் மேலே போனது. ராய்ஸ் தொப்பியைக் கழற்றித் தொடையில் அடித்துக்கொண்டு காற்றைத் திட்டினான். காற்று இல்லவே இல்லை.

பிறகு ஸ்டோன் கூலி சுட்டது. ஹாலிஸ் சுட்டான். குண்டு போய்ச் சேர்ந்து சத்தம் திரும்பிவர ஒருவர் நிதானமாக மூச்சு இழுத்து விடும் நேரம் ஆகும். அந்த மூச்சின் முடிவில், தொலைவில், "டிங்" என்றது. ஹாலிஸ் நம்பாமல் ஆர்டிஸைத் திரும்பிப் பார்த்தான்.

"என்னை ஏன் பாக்கறே? தகட்டைப் பாரு."

டிங். டிங். கடைசியாக ஆர்டிஸ் படுத்தாள். அவள் சுட ஆரம்பித்தபோதே ஜெயித்தாகிவிட்டது. ஆனாலும் ஒரு தோட்டாவைக்கூட மிச்சம் வைக்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் தகடு பதில் சொன்னது. கடைசி மணி அடித்ததும் வெர்லின் என்ன கத்தினான் என்று அவனுக்கே தெரியாது. தொண்டை மட்டும் இரண்டு நாள் கட்டியிருந்தது.

"என் மருந்தாலேயே என்னை அடிச்சிட்டியே, கிராதகி!" என்றான் ராய்ஸ்.

அன்று மாலை ஊர்ப் பொதுக்கொட்டகையில் ஆர்டிஸ் மேஜையின் தலைப்பக்கத்தில் உட்கார்ந்தாள். ராய்ஸ் ஏப்ரன் கட்டிக்கொண்டு, அது வயிற்றைச் சுற்றிவர எட்டாமல், தட்டோடு வந்தான். மாட்டிறைச்சி, உருளைக்கிழங்கு, பீன்ஸ். கூட்டமே அவள் வாயைப் பார்த்தது. ஒரு கரண்டி எடுத்து, மென்று, விழுங்கினாள்.

"உப்பு பத்தலை ராய்ஸ். சுடறது எப்படியோ, நீ சமையலாவது கத்துக்கோயேன்."

கொட்டகையே அதிர்ந்தது. ராய்ஸும் சிரித்தான். அன்று மில்வேக்காரர்கள் பாத்திரம் கழுவி முடிக்கும்வரை அவள் நாற்காலியை விட்டு எழவில்லை.

அடுத்த ஜனவரியிலும் டுவெயின் கடையில் அந்தக் கீழ்த்தட்டு காலியாகவே கிடந்தது. மில்வேக்காரர்கள், கனடாப் பக்கத்துக்காரர்கள், பத்து ஊர் தள்ளி இருப்பவர்கள் எல்லாரும் கேட்டுக்கொண்டு வந்தார்கள். யாரும் சீந்தாத மருந்து யாருக்கும் கிடைக்காத மருந்தாகிவிட்டது. ஆர்டிஸும் பாதி மாநிலத்துக்குத் தொலைபேசியில் பேசிப் பார்த்துவிட்டாள். அவளிடம் மிச்சமிருந்தது உடைத்த டப்பாக்களின் அடிமருந்து. அதைக் கடனுக்குத் திருப்பித் தருவது அங்கே மரியாதை இல்லை.

காசு கொடுத்தாள், ராய்ஸ் வாங்கவில்லை. வேறு மருந்தில் இரண்டு டப்பா கொண்டுபோனாள், வாசலிலேயே திருப்பி அனுப்பினான். மூன்று வகைப் பழம் வைத்துச் சுட்ட 'பை' பலகாரம் கொடுத்தாள். தின்றுவிட்டு, "இது வட்டி," என்றான்.

துப்பாக்கியை அவள் விற்கவில்லை. ஸ்டோன் கூலி அதற்கப்புறமும் ஜெயிக்கிறது, சில வருடம் தோற்கிறது. போன ஆகஸ்டிலும் ஜெயித்தது. ராய்ஸ் தட்டை அவள் முன்னால் வைத்துவிட்டு, நகராமல் நின்றான்.

"என் டப்பா எங்கேம்மா?"

"தேடிட்டுத்தான் இருக்கேன்."

"அதே மருந்து. அதே டப்பா."

"தெரியும். கை குடுத்திருக்கேன்ல?" என்றாள் ஆர்டிஸ். இன்னும் கொடுக்கவில்லை.