‘போறேன்’ என்று சொன்ன வேட்பாளர்

போன வாரம் ஒரு மத்தியானம், நாமக்கல்லில் வெயில் மண்டையைப் பிளக்கிற நேரத்தில், ஒரு வேட்பாளர் வாபஸ் வாங்குவதை வேடிக்கை பார்க்கக் கிளம்பினேன். இதற்கெல்லாமா ஒருத்தி மெனக்கெட்டுப் போவாள் என்று கேட்பீர்கள். வேட்பாளர் குசும்பு கோவிந்தன் என்றால் நீங்களும் போவீர்கள்.

நம் பக்கத்துக் கோயில் பண்டிகைகளில் அவரைப் பார்த்திருக்கலாம். பாட்டுக் கச்சேரிக்கு நடுவே மைக்கைப் பிடித்து, தலைவர்கள் குரலில் பேசிக் கூட்டத்தைச் சிரிக்கவைத்து உருட்டிவிடுவார். எங்கள் தெருக்காரர். என்னை ‘அக்கா’ என்றுதான் கூப்பிடுவார். சட்டமன்றத் தேர்தலில் சுயேச்சையாக நிற்கப் போகிறேன் என்று அவர் வந்து சொன்னபோது நான் பலமாகச் சிரித்துவிட்டேன். அவரும் அதைத்தான் எதிர்பார்த்தார்.

“ஜெயிக்கறதுக்கு நிக்கலீங்க அக்கா... வாபஸ் வாங்கறதுக்குத்தான் நிக்கறேன்!”

திட்டம் இதுதான். மனுத் தாக்கல் செய்வார். ஊர் ஊராகப் போய்க் கும்பிடு போட்டு வீடியோ எடுப்பார். வாபஸ் வாங்கக் கடைசி நாளில், ‘தொண்டர்களின் நலன் கருதி விலகுகிறேன்’ என்று பெரிய தலைவர் தோரணையில் கண்ணீர் மல்க ஒரு பேட்டி. அதோடு சுபம். மறுநாளிலிருந்து பங்குனி, சித்திரை பூராவும் பண்டிகை மேடைகள். வருஷம் முழுக்க வீட்டில் அடுப்பெரிவது அந்த சீசனை வைத்துத்தான்.

பிரசாரத்துக்கு அவரிடம் இருந்தது ஒரே ஒரு வசனம். “ஓட்டுக் கேட்டு வர்றவங்க எல்லாரும் கெளம்பறப்ப ‘வாரேன்’னு சொல்றாங்க. அப்புறம் அஞ்சு வருசத்துக்குத் தலையே தெரியறதில்ல. நான் பொய் சொல்ல மாட்டேனுங்க... போறேன்!” சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் விறுவிறுவென்று நடப்பார்.

நம் ஊரில் யாராவது கிளம்பும்போது ‘போறேன்’ என்பார்களா? நம் வாயில் வராத வார்த்தை அது. தப்பித் தவறி ஒரு குழந்தை சொன்னால்கூட, “போயிட்டு வாரேன்னு சொல்லு சாமி” என்று திருத்துவோம். அதை ஒரு வேட்பாளர் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டே சொன்னால் சிரிப்பு வராமல் என்ன செய்யும்? போன இடமெல்லாம் சிரித்தார்கள்.

சுயேச்சையாக நிற்பவரை அந்தத் தொகுதியின் வாக்காளர்கள் பத்துப் பேர் முன்மொழிய வேண்டும். அப்படி ஒரு விதி. டீக்கடையில், சலூனில், முட்டை லோடு ஏற்றுகிற இடத்தில் என்று ஒன்பது பேர் கிடைத்துவிட்டார்கள். எல்லோரும் சிரித்துக்கொண்டேதான் கையெழுத்துப் போட்டார்கள். இன்னும் ஒருவருக்காக எருமப்பட்டிப் பக்கம், ஒரு கோழிப்பண்ணைக்கு எதிரே இருந்த வீடுகளுக்கு முன்னால் காரை நிறுத்தினார் கோவிந்தன். வீடியோ எடுக்கிற கேமராக்காரரோடு, இந்தப் பத்திக்கு ஏதாவது தேறுமா என்று நானும் உடன் போயிருந்தேன்.

முதல் வீட்டில் இருந்தவர் சரசு. பண்ணையில் முட்டை பொறுக்கும் வேலை. சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு மனுவை வாங்கி, ஒரு வரி விடாமல் படித்தார். சிரிக்கவே இல்லை.

“நெசமாலுமே நிக்கறீங்களாங்ணா?”

“நீங்க கையெழுத்துப் போட்டா நிக்கறேன் அம்மிணி.”

“அப்படின்னா இந்த ரோட்ல ஒரு வேகத்தடை போடச் சொல்லிக் கேளுங்ணா. பள்ளிக்கூடம் அந்தப் பக்கம் இருக்குதுங்க. லாரிக்காரங்க ஒருத்தரும் நிதானிக்கறதில்ல. எம்புள்ள காலைல தாண்டிப் போயி, சாயங்காலம் ஊடு வந்து சேர்ற வரைக்கும் எனக்கு உசுரு உசுரா இல்லீங்க.”

சொல்லிவிட்டு, எழுத்துக் கூட்டி எழுதுகிற மாதிரி நிதானமாகக் கையெழுத்துப் போட்டார். கேமரா ஓடிக்கொண்டிருக்கிறதே... கோவிந்தன் பழக்கதோஷத்தில் ஒரு பெரிய கும்பிடு போட்டு, “போறேனுங்க!” என்று திரும்பினார்.

“அண்ணா, நில்லுங்க.”

சரசு குரலை உயர்த்தவில்லை. ஆனாலும் கேமராக்காரர் கேமராவை இறக்கிவிட்டார்.

“எங்கூட்டு வாசல்ல அந்த வார்த்தையச் சொல்லாதீங்க. எங்கூட்டுக்காரரு ரிக் வண்டியில போர்க்கெணறு போடப் போனவரு. எங்கூடச் சண்டை போட்டுக்கிட்டு ‘போறேன்’னு சொல்லிட்டுப் போனாரு. வடக்க எங்கியோ வண்டி கவுந்து, பொணமாத்தான் வந்தாரு. நீங்க பொய்யாச் சொன்னாலும் பரவால்லீங்ணா... ‘வாரேன்’னு சொல்லிட்டுக் கெளம்புங்க.”

கோவிந்தன் அப்படியே நின்றார். எத்தனையோ பேர் குரலில் பேசுகிற மனிதருக்குத் தன் குரல் சட்டென்று கிடைக்கவில்லை. கடைசியில், “வாரேன் அம்மிணி” என்றார். காரில் ஏறியதும் அந்த வீடியோவை அழிக்கச் சொன்னார்.

மனுத் தாக்கலும் நடந்தது. உறுதிமொழியை ஒரு தலைவர் குரலில் படிப்பதாக இருந்தாராம். ஆனால் அங்கே போனதும் தன் சொந்தக் குரலில்தான் படித்தாராம். யோசித்துப் பாருங்கள்... கேலிக்கு நிற்பவருக்கு ஒரு மனு, நிஜமாக நிற்பவருக்கு வேறு மனு என்று சட்டத்தில் இருக்கிறதா என்ன? அதே காகிதம். அதே உறுதிமொழி. தேர்தல் விதிகளுக்குத் தமாஷ் புரியாது என்று நானே பல தடவை கிண்டல் செய்திருக்கிறேன். புரியாமல் இருப்பதே நல்லது என்று இப்போது தோன்றுகிறது.

அதே விதிகள் அவர் வயிற்றிலும் அடித்தன. பண்டிகைக் கமிட்டிக்காரர்கள் ஒவ்வொருவராக போன் செய்தார்கள். “வேட்பாளர் மேடையேறினா அது பிரசாரமாயிருமாமுங்க. கோயில்ல பிரசாரமே கூடாதாம். எங்களுக்கு எதுக்குங்க வம்பு? வாபஸ் வாங்கிட்டு வாங்க, மேடை உங்களுது.” வாங்காவிட்டால் சீசன் போச்சு. படிக்கிற பிள்ளைகள் இரண்டு பேர் வீட்டில் இருக்கிறார்கள்.

போன வாரத்துக்கு வருகிறேன். அலுவலக வாசலில் யூடியூப்காரர்கள் ஏழெட்டுப் பேர் கண்ணீர்ப் பேட்டிக்காகக் காத்திருந்தார்கள். உள்ளே கோவிந்தன், எழுதி வைத்த வாபஸ் கடிதத்தோடு தேர்தல் அலுவலர் முன்னால் நின்றார். அந்த அம்மா கடிகாரத்தைப் பார்த்தார்.

“மூணு மணியோட டைம் முடியுது. கொடுத்தா கொடுத்ததுதான். அப்புறம் மனசு மாறிருச்சுன்னு வந்தா திருப்பித் தர முடியாது. யோசிச்சுக் கொடுங்க.”

கோவிந்தன் கடிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்: “மேடம், வாபஸ் வாங்காம நிக்கறதுக்கு எதாச்சும் எழுதித் தரோணுங்களா?”

“ஒண்ணும் வேண்டாம். சும்மா இருந்தாலே போதும்.”

ஓரமாகக் கிடந்த பெஞ்சில் போய் உட்கார்ந்தார். சும்மா இருப்பதுதான் உலகத்திலேயே கஷ்டமான வேலை என்பதை அன்றைக்கு அந்த பெஞ்சில் பார்த்தேன். நெற்றியெல்லாம் வியர்வை. போன் அடித்தது — வீட்டிலிருந்து. எடுத்து, “அப்புறம் பேசறேன் கண்ணு” என்று மட்டும் சொன்னார். மூன்று மணி ஆனது. கடிதத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்தார். வாசலில் மைக்கை நீட்டியவர்களிடம், “நிக்கறேனுங்க” என்றார். அடுத்து ஜோக் வரும் என்று அவர்கள் காத்திருந்தார்கள். வரவில்லை.

ஜெயிப்பாரா? மாட்டார். டெபாசிட்கூடத் திரும்பாது. காரில் ஏறியதும் கேட்டேவிட்டேன், எதற்கு இந்த விஷப்பரீட்சை என்று.

“தோக்கறது எனக்குத் தெரியுமுங்க அக்கா. ஆனா நான் பேசினா நாலு பேரு நின்னு கேப்பாங்க. வாக்குப்பதிவு வரைக்கும் அந்த ரோட்டைப் பத்தியே பேசலாமில்லீங்களா? நாம பேசறதைப் பாத்துட்டு, ஜெயிக்கறவன் அந்த வேகத்தடையைப் போட்டுட்டுப் போறான்!”

வீட்டுக்குப் போவார் என்று நினைத்தேன். வண்டியை எருமப்பட்டிக்குத் திருப்பினார். சரசு அப்போதுதான் பண்ணையிலிருந்து வந்து வாசலில் கால் கழுவிக்கொண்டிருந்தார்.

“வாபஸ் வாங்கலீங்க அம்மிணி. நேர்ல சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்.”

சரசுவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. கோவிந்தனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“வாபசுங்களா? அதை எதுக்குங்ணா வாங்கோணும்? நாந்தான் கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டனே!”

இது தமாஷாக ஆரம்பித்த சமாசாரம் என்று சரசுவிடம் இதுவரை யாரும் சொல்லவில்லை. தயவுசெய்து நீங்களும் சொல்லிவிடாதீர்கள்.